இரண்டு தாள் கிழிந்த வாரம்

அன்றைக்கு ஜெப அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான்.

என் வீட்டுக்காரர். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் கடைசி ஆமென் வரை திறக்க மாட்டார்.

என் தங்கச்சி. என்னைப் போலக் கொழுந்து எடுக்கிறவள். கை எனக்கு, வாய் அவளுக்கு என்று எங்கள் அம்மா சொல்வாள்.

மழைத் தண்ணீர் ஓடக் கானு வெட்டுகிற அண்ணன். சொந்த அண்ணன் இல்லை. வேதப் புத்தகத்தை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவர் எங்களில் அவர் ஒருவர்தான்.

அவருடைய சம்சாரம். இடுப்பில் கைப்பிள்ளை.

மேட்டு லயத்து வீட்டு வரிசையில் இருக்கிற விதவை அக்கா. ஒரு காது கேட்காது. அதனால் பாட்டை எல்லோரையும் விட உரக்கப் பாடுவாள்.

ஆறு பேர். கைப்பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதற்கு முந்தின வாரம் வரை இருபது பேருக்கு மேல் வருவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக வேலைக்குக் கூப்பிடுகிற தப்பு மேளம் அடித்தது. அரசாங்கம் வார லீவை ஞாயிற்றுக்கிழமையில் இருந்து எடுத்துப் பௌத்தர்களின் போயா நாளுக்குக் கொடுத்துவிட்டது. நிலவு வளர்ந்து தேய்கிற கணக்கில் போயா வரும். ஏழு நாளுக்கு ஒரு தடவை வரும், சில வாரம் எட்டு நாளாகும். அன்றைக்கு ஊரே லீவு. ஞாயிறு மற்ற நாளைப் போல ஒரு நாள். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான் ஆயிற்று.

தோட்டம் இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம். விடிகிற நேரத்தில் தப்பு அடிப்பார்கள். அடித்தால் எல்லோரும் பெரட்டுக்களத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கேதான் இன்னாருக்கு இன்ன மலை என்று வேலை பிரிப்பார்கள். தப்பு அடிக்காத நாள் ஞாயிறு. பிறந்தது முதல் நாங்கள் ஞாயிறைத் தெரிந்துகொண்டது அப்படித்தான். தோட்டத்தில் அரிசி அளந்து போட்டால் மறுநாள் ஞாயிறு. தப்புச் சத்தம் இல்லாவிட்டால் ஞாயிறு. வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

அட்டனில் இருந்து மாதம் ஒரு தடவை வருகிற உபதேசியார் முன்னமே சொல்லியிருந்தார். "வாரத்துல ஒரு நாளு தானே. போயா அன்னைக்குக் கூடி ஜெபம் பண்ணுங்க. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு." அவர் நல்ல மனுஷர். எங்கள் கஷ்டத்தைப் பார்த்து யோசனை சொன்னார். நிறையப் பேர் அதைக் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. என் அம்மா ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கொழுந்து கிள்ளினது இல்லை. கொழுந்து மண்டுகிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வந்தால் கைக்காசு என்று கையிலேயே கொடுப்பார்கள். லயமே போகும். அம்மா போனதில்லை. நானும் வேலைக்குப் பேர் பதிந்த நாளில் இருந்து போனதில்லை. ஓய்வுநாளைக் காக்கச் சொல்கிற நாலாம் கற்பனையை நான் மூன்றாம் வகுப்பில் படித்தேன். அதற்குப் பிறகு படிக்கவில்லை. படித்தது போதும்.

தப்பு அடித்தபோது நாங்கள் பாட்டில் இருந்தோம். அண்ணன் குரல் கொஞ்சம் இறங்கியது. விதவை அக்காவுக்குத் தப்பு கேட்கவில்லை. அவள் பாட்டுக்குப் பாடினாள். அவள் பாட்டைப் பிடித்துக்கொண்டு நாங்களும் பாடி முடித்தோம்.

ஜெப அறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கீழே பணிய லயத்தின் கோடியில் ஒற்றை அறைக் காம்பிரா. முன்பு கவ்வாத்துக் கத்தி வைக்கிற இடம். தகரக் கூரை. மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும். அந்த மூலையில் வாளி வைப்போம். வாளிக்குப் பக்கத்தில்தான் என் இடம். வாளி நிறைந்தால் நான்தான் எடுத்து ஊற்றுவேன்.

ஜெபம் முடிந்து வெளியே வந்தோம். கணக்கப்பிள்ளை ஐயா குடையோடு நின்றார்.

"என்ன, வேதக்காரவுங்க ஆறு பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லைங்க. ஞாயித்துக்கெழமை" என்றேன்.

"ஞாயித்துக்கெழமைய அரசாங்கம் எடுத்துட்டாங்க, தெரியாதா?"

தங்கச்சி சொன்னாள்: "எடுத்துட்டு எங்க வச்சிருக்காங்கன்னு கேட்டுச் சொல்லுங்க ஐயா. நாங்க போயி வாங்கிக்கிறோம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு வந்ததை மறைக்கக் குடையைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு சொன்னார்: "நாளைக்கி ஆபீசுக்கு வாங்க. தொரை பத்துச்சீட்டு எழுதச் சொன்னா நான் என்ன செய்யறது."

பத்துச்சீட்டு என்றால் பேர் வெட்டுகிற சீட்டு. பேர் போனால் காம்பிரா போகும். காம்பிரா போனால் எங்கே போவது. அது தெரியாமல் நாங்கள் அங்கே நிற்கவில்லை.

திங்கட்கிழமை ஆறு பேரும் போனோம். வெள்ளைக்காரத் துரை போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்தத் துரை சிங்களவர். தமிழை எண்ணி எண்ணிப் பேசுவார். ஆனால் நாம் பேசுவது எல்லாம் விளங்கும். ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்றோம். பேச வேண்டியது நான் என்று முன்னமே பேசிக்கொண்டோம். தங்கச்சி பேசினால் காரியம் கெடும்.

"தொரைங்களே, போயா அன்னைக்கு எங்களுக்கு வேல குடுங்க. ஞாயித்துக்கெழமை மட்டும் விட்டுடுங்க" என்றேன்.

"போயா அன்னைக்கு மலையில யாரும் இல்ல. நீங்க ஆறு பேரு என்ன செய்யறது?"

"நாத்து மேடைக்குத் தண்ணி ஊத்துறோம்."

அதை நான் மூன்று நாள் யோசித்து வைத்திருந்தேன். அந்த வருஷம் ஆற்றோரம் புதிதாக நாற்று மேடை போட்டிருந்தார்கள். தேயிலைத் தண்டை ஒரு இலையும் ஒரு கணுவுமாக வெட்டி, மண் நிரப்பிய சின்னப் பைகளில் நட்டு, மேலே கொப்பு போட்டு நிழல் கட்டியிருந்தது. நாற்றுக்குப் போயா தெரியாது. தினம் தண்ணீர் வேண்டும். போயா அன்றைக்கு ஆள் கிடைப்பதில்லை. பஸ் ஏறி டவுனுக்குப் போய்விடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கு முன்னால் வந்த முதல் போயாவிலேயே ஒரு பாத்தி வாடிப்போனதை நான் பார்த்திருந்தேன்.

துரை மேசையில் பென்சிலைத் தட்டினார்.

"எங்க அம்மா போயாவுக்கு சில் எடுக்கிறது, விரதம். சின்ன வயசுல இருந்து பாத்திருக்கு. நான் வேலைக்கு வந்த பொறகு போயா அன்னைக்கு வேல. ஞாயிறு லீவு. பன்சலைக்குக் கும்பிட விடியக்காலையில ஓடிப் போயி ஓடி வர்றது. அப்ப யாரும் என்னக் கேக்கல்ல."

துரை பென்சிலைக் கீழே வைத்தார். 

"சரி" என்றார். "ஞாயிறு விடுறேன். போயா ஒண்ணுகூடத் தப்பக் கூடாது. வேற நாள் சொல்லாம வேலைக்கு வராம நிக்கக் கூடாது. ஒரு நாள் தப்பினா இந்தப் பேச்சு முடிஞ்சுது. பொறகு ஞாயிறு மலைக்கு. இல்லாட்டி பத்துச்சீட்டு."

இவ்வளவுதான் பேச்சு. எழுத்து இல்லை.

அப்படி எட்டு மாதம் போயிற்று. போயா அன்றைக்கு லயம் தூங்கும். நாங்கள் பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு இறங்குவோம். ஆண்கள் மண் சலித்துப் பை நிரப்புவார்கள். பெண்கள் தண்ணீர் ஊற்றுவோம். என் பக்கத்துக் காம்பிரா அக்கா சைவக்காரி. போயா அன்றைக்குப் புதுச் சேலை கட்டிப் பஸ்ஸுக்கு நிற்பாள். எங்களைப் பார்த்துக் கேட்பாள்: "ஊரு ஒறங்குறப்ப நீங்க வேல, ஊரு வேல செய்யுறப்ப நீங்க ஒறக்கம். ஒங்க சாமிக்கு ஒலகத்தோட ஒத்தே போகாதா?"

"ஒறங்கலக்கா. பாடுறோம்."

"கேக்குது, கேக்குது. அந்தச் செவிட்டுக்காரி பாடுறது அட்டன் வரைக்கும் கேக்குது."

ஒரு வாரம் போயாவும் ஞாயிறும் ஒரே நாளில் வந்தன. அன்றைக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. அண்ணன் சொன்னார்: "மாட்டுக்கும் கழுதைக்கும் ஓய்வுநாள்ல தண்ணி காட்டலாம்னு வேதத்துல இருக்கு. நாத்துக்கும் காட்டலாம்." அதனால் ஊற்றினோம். பை நிரப்பவில்லை. துரை கேட்டபோது அதையும் சொன்னேன். அவர் சரி என்றார்.

ஞாயிறு காக்கிறதற்கு முந்தின நாளே வேலை செய்ய வேண்டும். சனிக்கிழமை மலையில் இருந்து வந்ததும் விறகு உடைத்து அடுக்குவோம். பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து வைப்போம். மறுநாளுக்கும் சேர்த்து ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றி வைப்பேன். சம்பலும் அரைத்துவிடுவேன். வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டு அடுப்புக்கு மேலே காயப் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி மட்டும்தான் கொதிக்கும். ஆறின ரொட்டி கல் மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் அதைத் தேத்தண்ணியில் முக்கித் தின்பார். பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நல்லது என்றும் சொன்னதில்லை.

நாள் பார்க்கிறது என் பொறுப்பு. தப்பு ஞாயிறும் அடித்ததால், அரிசி போடுவதும் போயாவோடு மாறிப்போனதால், கிழமை தெரிய வேறு வழி வேண்டியிருந்தது. மற்றவர்கள் கிழமை பேசுவதையே விட்டுவிட்டார்கள். போயா கழிந்து இரண்டாம் நாள், நாலாம் நாள் என்றுதான் பேச்சு. பள்ளிக்கூடமும் அந்தக் கணக்குத்தான். அட்டன் கடை ஒன்றில் கொடுத்த, தினம் ஒரு தாள் கிழிக்கிற கலண்டர் எங்கள் காம்பிராவில் தொங்கியது. விடியக்காலையில் எழுந்து அடுப்பு பற்ற வைக்கும் முன்பே ஒரு தாள் கிழிப்பேன். ஐந்து பேரும் என்னைக் கேட்டுத்தான் ஞாயிறு வைத்தார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இருந்ததை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மழைக் காலம் வந்தது. பத்து நாள் சூரியனைப் பார்க்கவில்லை. மண் சரிந்து பஸ் நின்றது. காம்பிராவுக்குள் எல்லாம் ஈரம். சேலை ஈரம், விறகு ஈரம், சுவர் ஈரம். கலண்டரும் ஈரம்.

அந்த வாரம் போயா செவ்வாய். போயா கழிந்து நாலாம் நாள் பொழுது விடிகிறபோது தங்கச்சி வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்று கேட்டாள்: "இன்னைக்கா ஞாயிறு?"

"ஆமா. ஏன்?"

"நேத்துச் சாயந்தரம் கோயில்ல மணி அடிச்சுது. வெள்ளிக்கெழமைக்குத்தானே அடிப்பாங்க."

"எதுக்கோ அடிச்சிருப்பாங்க. தாள் ஞாயிறுன்னு சொல்லுது."

"பக்கத்துல அக்காகிட்டக் கேக்கட்டுமா?"

"நம்ம ஞாயிறை அவங்ககிட்ட என்னா கேக்கறது. வா."

அவள் என் பின்னால் வந்தாள். அவள் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆறு பேரும் கூடினோம். மழையில் வாளி இரண்டு தடவை நிறைந்தது. நல்ல ஜெபம். அண்ணன் நிறைய வாசித்தார். ஆறின ரொட்டி தின்றோம். நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் தாள் கிழித்தேன். திங்கள். பெரட்டுக்குப் போனோம். மழையில் எல்லோரும் கம்பளியைத் தலையில் போட்டு நின்றோம். யார் முகமும் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை ஐயா தலையை எண்ணி மலைக்கு அனுப்பினார். என் நிரை பாறைக்கு மேல். மழையில் கொழுந்து நன்றாக வந்திருந்தது. கையும் நன்றாக ஓடியது. பத்து மணிக்கு நிறுக்கப் போனேன்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை ஐயா இருந்தார். என் கூடையைக் கொக்கியில் மாட்டும்போது முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, இந்த வாரம் சாமி நாளை மாத்திட்டாரா?"

"என்னாங்க ஐயா?"

"நேத்து ஆறு பேரும் வரல. இன்னைக்கு வந்து நிக்கறீங்க."

"நேத்து ஞாயித்துக்கெழமைங்க."

"இன்னைக்குத்தான் ஞாயித்துக்கெழமை."

நான் சிரித்தேன். கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் நாள் வாரியாகப் பேர் போடுகிற செக்ரோல் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். எனக்கு இலக்கம் தெரியும். பார்த்தேன். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பக்கத்துக் காம்பிரா அக்கா சிரிக்கவில்லை. அவள் சொன்னாள்:

"முந்தாநாளு வெள்ளிக்கெழமைக்கு நாங்க கோயில்ல வெளக்குப் போட்டோமேடி. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல. செவுத்துக்கு அந்தப் பக்கந்தானே இருக்கேன்."

நான் கூடையைக் கொக்கியில் இருந்து இறக்கினேன். கொழுந்தைக் குவியலில் கொட்டினேன்.

"நிறுக்கணுமே" என்றார் ஐயா.

"என் பேருக்கு எழுத வேணாங்க."

"எங்க போற? அர நாள்ல போனா அதுக்கும் ஒரு கேள்வி வரும்."

"தெரியாமப் பறிச்சது பறிச்சாச்சுங்க. தெரிஞ்ச பொறகு பறிக்க மாட்டேன்."

அவர் என்னைக் கொஞ்சம் ஒதுக்கமாகக் கூப்பிட்டார். குரலை இறக்கினார். "இந்தா பாரும்மா. சனிக்கெழமை ஆறு பேரும் சொல்லாம நின்னுருக்கீங்க. தொரை சொன்னது ஞாபகம் இருக்குல்ல. நான் ஒண்ணு செய்யறேன். இன்னைக்கு வந்தத சனிக்கெழமைக்கு எழுதிடறேன். சனிக்கெழமை நின்னத இன்னைக்கு எழுதிடறேன். ரெண்டு நாளும் சரியாப் போச்சு. தொரைக்கு எங்க தெரியப் போவுது."

அவர் எங்களுக்கு உதவி செய்ய நினைத்தார். அதில் சந்தேகம் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன்.

காம்பிராவுக்குப் போய்க் கலண்டரை எடுத்தேன். ஒழுகின சுவர்ப் பக்கம் தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. கிழித்த தாள்களை அடுப்புக்கென்று ஒரு டின்னில் போட்டு வைப்பேன். எடுத்துப் பார்த்தேன். புதனும் வியாழனும் முதுகும் முகமுமாக ஒட்டி ஒரே தாளாக இருந்தன. வியாழக்கிழமை விடியக்காலையில் இருட்டில் இரண்டையும் ஒன்றாகக் கிழித்திருக்கிறேன். அதற்குப் பிறகு நாங்கள் ஆறு பேரும் ஊருக்கு ஒரு நாள் முன்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறோம்.

மற்ற ஐந்து பேருக்கும் சொல்லி அனுப்பினேன். மத்தியானத்துக்குள் ஜெப அறையில் கூடிவிட்டோம். வெள்ளைச் சேலை இல்லை. மலைச் சேறோடு உட்கார்ந்தோம். நான் ஒட்டிய தாளைக் காட்டினேன். ஐயா சொன்னதையும் சொன்னேன்.

அண்ணன் முதலில் பேசினார். "மாத்தி எழுதட்டுமே. நம்ம ஒண்ணும் திருடலயே. எட்டு மாசமா ஒரு போயா தப்பல. இந்த ஒண்ணுல எல்லாம் போயிரும்."

அவர் சம்சாரம் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பத்துச்சீட்டு குடுத்தா இதத் தூக்கிட்டு எங்கக்கா போறது?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "மணி அடிச்சுதுன்னு சொன்னேன்."

"சொன்ன."

"கேட்டியா?"

"கேக்கல."

"அது போதும்" என்றாள். அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

விதவை அக்கா என்ன நடக்கிறது என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் அவளுடைய நல்ல காதில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அவள் கேட்டுவிட்டு, அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"பொய்யா எழுதின புஸ்தகத்த வச்சுக்கிட்டு நான் எப்புடிப் பாடுறது?"

 

"நாள் பாத்தது நான். நானே தொரைகிட்ட சொல்றேன்" என்றேன். "மாத்தி எழுத வேணாம்."

அன்றைக்கு மீதி இருந்த ஞாயிறை நாங்கள் காத்தோம். ஜெபம் பண்ணினோம். வாளி நிறைந்தது. ஊற்றினேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஆபீஸ் வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரரும் வந்தார். வர வேண்டாம் என்றேன். பேசாமல் வந்தார்.

துரை வந்ததும் சொன்னேன். சுருக்கமாகச் சொன்னேன். இரண்டு தாள் ஒட்டினது, சனிக்கிழமை ஆறு பேரும் நின்றது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை பறித்தது, அதற்குப் பிறகு மலையை விட்டு இறங்கினது. கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன வழியைச் சொல்லவில்லை. அது அவருடைய காரியம். அவர் உள்ளே மேசையில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதுகிற சத்தம் கேட்கவில்லை.

துரை தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். நகத்தால் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை.

"யார் நாள் பாக்கிறது?"

"நாந்தாங்க."

"வேற யாரும் பாக்கிறது இல்லையா?"

"இல்லைங்க. நான் சொன்னா கேப்பாங்க."

"பக்கத்துல கேக்க ஏலாதா? லயத்துல எத்தன பேர் இருக்கு."

"கேட்டிருக்கலாங்க. கேக்கல."

"ஏன்?"

எனக்கு அதற்குப் பதில் தெரியும். சொன்னேன். "எங்க நாளு எங்களுக்குத்தான் தெரியும்னு நெனச்சேங்க."

அவர் தாளை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு சொன்னார்: "அஞ்சு பேர் ஒன்னக் கேட்டு நின்னது. அவங்க பழையபடி ஞாயிறு நிக்கட்டும். போயாவுக்கு வரட்டும். நீ மூணு மாசம் ஞாயிறு மலைக்குப் போ. போயா லீவு எடு. பதிமூணு வாரம். பொறகு வந்து கேளு."

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "அவளுக்குப் பதிலா நான் போறேங்க."

"ஒன்ன யார் கேட்டது?" என்றார் துரை. கோபமாகச் சொல்லவில்லை.

நான் சரி என்று சொன்னேன். முடியாது என்று சொல்லியிருந்தால் ஆறு பேரின் ஞாயிறும் போயிருக்கும். பத்துச்சீட்டுக்குப் பயந்து சரி சொன்னேனா, அவர்களுக்காகச் சொன்னேனா என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டும்தான். நான் செய்த தப்புக்கு நான் போவது ஞாயம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு தப்பு அடித்தது. அடித்து முடிந்து ஒரு மூச்சு விட்டு, இன்னும் ஒரே ஒரு அடி விழுந்தது. புதிதாக இருந்தது. மறுநாள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் அந்த ஒரு அடி. தப்பு அடிக்கிறவர் மேட்டு லயத்துக்காரர். கோயிலிலும் அவர்தான் அடிப்பார். அவரைப் பீலியில் பார்த்தபோது கேட்டேன்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம ஒரு அடி கூட விழுதே."

"குச்சி வழுக்குது" என்றார். "மழைக் காலம்ல."

மழை முடிந்து வெயில் வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் குச்சி வழுக்கிக்கொண்டேதான் இருந்தது.

கணக்கப்பிள்ளை ஐயாவும் ஒன்று செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பாறைக்குக் கீழே நிரை கொடுத்தார். கேட்காமல் கொடுத்தார். அங்கே இருந்து பார்த்தால் ஜெப அறைத் தகரம் தெரியும். விதவை அக்காவின் பாட்டு முழுக்கக் கேட்கும். மற்றவர்கள் குரல் கேட்காது. எந்தப் பாட்டு, எந்த அடி என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் கூடப் பாடவில்லை. மலையில் நின்று பாடினால் வேலையும் பாட்டும் இரண்டும் கெடும். கை பறித்தது, காது கேட்டது.

பக்கத்து நிரையில் பக்கத்துக் காம்பிரா அக்கா. முதல் வாரம் கேட்டாள்: "கீழ பாட்டு, மேல நீ. அழுகையா வருதா?"

"இல்லக்கா."

"எனக்கு வருது. அந்தக் கொரலக் கேட்டா யாருக்குத்தான் அழுகை வராது."

அன்றைக்கு மலையில் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயில் மணி அடித்ததும் அவள் சுவரைத் தட்டுவாள். "வெள்ளிடி." நான் தாளைப் பார்த்து, "சரிக்கா" என்பேன். தாளும் சுவரும் ஒத்துப்போனால்தான் மற்றவர்களுக்குச் சொல்வேன்.

சனிக்கிழமை ரொட்டி சுடுவதை நான் நிறுத்தவில்லை. விறகும் தண்ணீரும் எடுத்து வைத்தேன். வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மலையில் இருந்து வந்து கால் கழுவி, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஆறின ரொட்டி தின்றேன். என் வீட்டுக்காரர் எனக்காகக் காத்திருந்து தின்றார். பகல் முழுக்கப் பட்டினி கிடந்திருப்பார். அது வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை.

பதின்மூன்று வாரத்தில் இரண்டு ஞாயிறு போயாவோடு சேர்ந்து வந்தன. அந்த இரண்டு நாளும் எனக்கும் லீவு. வெள்ளைச் சேலை கட்டி ஜெபத்துக்குப் போனேன். வாளிக்குப் பக்கத்து இடம் சும்மா இருந்தது. மழை இல்லாத நாளிலும் வாளியை வைத்திருந்தார்கள்.

"ஒன் எடத்துல யாரும் ஒக்காரல" என்றாள் தங்கச்சி. "ஒக்காந்தா வாளிய ஊத்தணும்ல. யாரு ஒக்காருவா."

ஜெபம் முடிந்ததும் எல்லோருமாக ஆற்றுக்கு இறங்கி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

பதின்மூன்று வாரம் முடிந்தது. துரையிடம் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும், "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுங்க."

"அடுத்த ஞாயிறு எப்ப?"

"நாளன்னைக்கிங்க."

"யாரக் கேட்ட?"

"தாளையும் கேட்டேன். பக்கத்து அக்காவையும் கேட்டேன்."

"போ" என்றார்.

அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் நாள் தப்பவில்லை. நாங்கள் தண்ணீர் ஊற்றின நாற்று மலைக்குப் போனது. இப்போது அது பாறைக்கு மேலே இடுப்பளவு நிற்கிறது. சில வருஷம் கழித்து அரசாங்கம் ஞாயிறைத் திருப்பிக் கொடுத்தது. போயிருந்தவர்கள் ஜெபத்துக்குத் திரும்பி வந்தார்கள். யாரையும் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. இடம் போதாமல் வாசலில் சாக்கு விரித்தோம்.

பேர் பதிந்த நாள் முதல் வேலையை விட்டுப் பேர் எடுத்த நாள் வரை நான் ஞாயிற்றுக்கிழமையில் கொழுந்து பறித்தது எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் பறித்தது ஒன்று. துரை சொல்லிப் பறித்தது பதினொன்று.

பன்னிரண்டு.